இணைய விளையாட்டில் ட்ரோலும் துன்புறுத்தலும்: முதல் மியூட்டிலிருந்து காவல் துறைப் புகார் வரை

வேலொரன்ட், பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர், டோட்டா 2 ஆடுபவர்கள் கூடும் ஒரு தமிழ் டிஸ்கார்டு சர்வரில் (எழுத்திலும் குரலிலும் பேசிக்கொள்ளும் இணையக் குழுவில்) சில ஆண்டுகளாக மட்டுறுத்துநராக, அதாவது பேச்சைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவராக இருந்து வருகிறேன். "அக்கா, அவனை பிளாக் பண்ணிட்டேன், சாட்டையும் டெலீட் பண்ணிட்டேன், இனி எங்கே கம்ப்ளெயின்ட் பண்றது?" என்று கேட்டு வருபவர்களுக்கு என்னால் பெரும்பாலும் ஆறுதல் மட்டுமே சொல்ல முடிகிறது. கோபத்தில் பதில் சொல்லி, பிறகு பிளாக் செய்து, பிறகு உரையாடலையே அழித்துவிட்டுக் கடைசியில் புகாரைப் பற்றி யோசிப்பவரின் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு செயலையும்விட வரிசையில் அதன் இடம்தான் முக்கியம். ஆதாரம் முதலில், புகார் இரண்டாவது, தடுப்பது மூன்றாவது, அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

1. ஆடத் தொடங்கும் முன்பே செய்து வைக்க வேண்டியவை

விளையாட்டில் வைத்திருக்கும் பெயர், உங்கள் இன்ஸ்டாகிராம் பெயராகவோ மின்னஞ்சலின் முன்பாதியாகவோ இருக்கக் கூடாது. ஒரே பெயரை எல்லா இடத்திலும் வைத்திருப்பவரின் ஊர், கல்லூரி, குடும்பப் படம் ஆகியவற்றைக் கண்டுபிடிக்க எதிராளிக்குத் தனித் திறமை எதுவும் தேவையில்லை. டிஸ்கார்டு சுயவிவரத்தில் ஸ்டீம், இன்ஸ்டாகிராம் போன்ற கணக்குகளை இணைத்திருந்தால், அவை பிறருக்குத் தெரியாதபடி மாற்றுங்கள். பொது சர்வர்களில், உறுப்பினர் எவரும் நேரடியாகச் செய்தி அனுப்பலாம் என்ற அனுமதியையும் நிறுத்திவிடுங்கள்.

நம் ஊர்க் குழுக்களில் பெயரைவிடப் பெரிய ஓட்டை தொலைபேசி எண்தான். கஸ்டம் ரூம் போட்டி (அழைக்கப்பட்டவர்கள் மட்டும் ஆடும் தனி ஆட்டம்) நடத்துபவர் உடனே ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்குவார். அதில் சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணை யாராவது ஒரு யூபிஐ செயலியில் போட்டுப் பார்த்தால், வங்கிக் கணக்கில் உள்ள முழுப் பெயர் திரையில் வந்து நிற்கும். அடையாளத்தை மறைத்து ஆடும் ஒரு பெண்ணின் உண்மைப் பெயர் இப்படி ஒரே நிமிடத்தில் வெளியானதை எங்கள் குழுவிலேயே பார்த்திருக்கிறேன். நுழைவுக் கட்டணமோ பரிசுப் பணமோ கைமாற வேண்டியிருந்தால், நம்பிக்கையான ஸ்குவாட் (ஆட்ட அணி) தலைவர் ஒருவரின் கணக்கு வழியாக மட்டும் செல்லட்டும். ஒருங்கிணைப்புக்கு, எண் தெரியாத டிஸ்கார்டு போன்ற இடத்தைப் பயன்படுத்துங்கள்.

விளையாட்டுக் கணக்கு, அதற்குரிய மின்னஞ்சல், டிஸ்கார்டு ஆகிய மூன்றிலும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். பழிவாங்க நினைப்பவர் அடுத்து முயல்வது கணக்கைக் கைப்பற்றுவதைத்தான்.

திரைப் பதிவையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் உள்ள பதிவுக் கருவி சில நேரங்களில் ஒலியே இல்லாமல் பதியும். விளையாட்டின் ஒலியைப் பதிந்தாலும் சக ஆட்டக்காரரின் குரலை விட்டுவிடுவதும் உண்டு. இதைச் சம்பவம் நடந்த இரவில் கண்டுபிடித்துப் பயனில்லை. நண்பருடன் ஒரு சாதாரண மேட்ச் ஆடி, பதிவைத் திரும்பக் கேளுங்கள். குரல் பதியாவிட்டால், தேவைப்படும்போது இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்துப் பதிய வேண்டியிருக்கும் என்பதையாவது தெரிந்து வைத்திருப்பீர்கள்.

2. நடப்பது எந்த வகை என்று பிரித்தறியுங்கள்

கலாய்ப்பது எல்லாம் துன்புறுத்தல் ஆகாது. அதே நேரம் "சும்மா கலாய்த்தேன்" என்று சொல்லிவிட்டதாலேயே எதுவும் கலாய்ப்பாகவும் ஆகிவிடாது. புதியவர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். ஒரு "நூப்" (ஆடத் தெரியாதவர்) என்ற சொல்லுக்கு மூன்று பக்கப் புகார் எழுதுபவரும் உண்டு, வாரக்கணக்கில் பின்தொடரப்பட்டும் "கேமில் இதெல்லாம் சகஜம்" என்று பேசாமல் இருப்பவரும் உண்டு. முறை வகையைப் பொறுத்து மாறுவதால், முதலில் மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சு உங்கள் ஆட்டத்தைப் பற்றியதா, உங்களைப் பற்றியதா? வீழ்ந்த சக ஆட்டக்காரரை ரிவைவ் செய்யாததை (மீட்காததை)த் திட்டுவது ஆட்டத்தைப் பற்றியது. சாதி, மதம், பாலினம், நிறம், தாய், தங்கை என்று திரும்பிய கணமே அது உங்களைப் பற்றியதாகிவிடுகிறது.

நீங்கள் பதில் சொல்லாவிட்டால் நின்றுவிடுகிறதா? ட்ரோல் செய்பவருக்கு உங்கள் எதிர்வினைதான் தீனி. அது கிடைக்காவிட்டால் பெரும்பாலும் வேறு ஆளைத் தேடிப் போவார். உங்களைக் குறிவைத்து வந்தவருக்கு உங்கள் மௌனம் ஒரு பொருட்டல்ல. இவ்விருவரையும் ஒரே மருந்தால் குணப்படுத்த முயல்வதுதான், "ட்ரோலுக்குத் தீனி போடாதே" என்ற அறிவுரையின் குறை. அது முதல் வகைக்குச் சரி. இரண்டாம் வகைக்கு அதை மட்டும் சொல்வது, பாதிக்கப்பட்டவரைத் தனியே விட்டுவிடுவதற்குச் சமம்.

மேட்ச் முடிந்த பிறகும் தொடர்கிறதா? அடுத்த லாபியில் (மேட்ச்சுக்கு முன் ஆட்டக்காரர்கள் கூடும் இடத்தில்) காத்திருப்பது, நட்பு அழைப்பாக அனுப்பி அதன் வழியே திட்டுவது, டிஸ்கார்டிலும் இன்ஸ்டாகிராமிலும் தேடி வருவது, உங்கள் ஊரையோ வீட்டாரையோ குறிப்பிடுவது ஆகியவற்றில் ஒன்று நடந்தாலும், இரண்டு முறை நடக்கட்டும் என்று காத்திருக்காமல் நான்காம் படியைத் தொடங்கிவிடுங்கள்.

வேண்டுமென்றே தோற்பது, சக ஆட்டக்காரரைச் சுடுவது, வழியை மறிப்பது போன்ற ஆட்டக் கெடுப்பு தனி வகை. அதற்கு விளையாட்டுக்குள் இருக்கும் புகார்ப் பொத்தானே போதும். ஆனால் அதைத் "தகாத பேச்சு" என்ற பிரிவில் போட்டால், ஆராய்பவர் சாட் பதிவைப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் மூடிவிடக்கூடும்.

3. அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது

வெறும் ட்ரோல் என்று தெரிந்தால் உடனே மியூட் செய்யுங்கள். வேலொரன்ட் போன்றவற்றில் குரலும் எழுத்தும் தனித்தனியே முடக்கப்படுகின்றன. குரலை மட்டும் முடக்கியவர், எழுத்தில் வருவதைப் படித்துக் கொந்தளிப்பது வழக்கமான காட்சி. ஆகவே இரண்டையும் முடக்குங்கள். வரைபடத்தில் குறியிட்டுத் தொல்லை தருபவரானால், அந்தக் குறியான பிங்கையும் முடக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

மிரட்டலோ பாலியல் பேச்சோ சாதி வசையோ வந்தால் வரிசை மாறுகிறது. முதலில் பதிவைத் தொடங்குங்கள், சில வாக்கியங்கள் பதிந்த பிறகு மியூட் செய்யுங்கள். மியூட் செய்துவிட்டால் உங்கள் பதிவிலும் அந்தக் குரல் இருக்காது என்பதே காரணம். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்குப் பார்ட்டி (சேர்ந்து ஆடும் குழு) குரலின் கடைசி 5 நிமிடம் புகாருக்காகக் கிடைக்கும். எக்ஸ்பாக்ஸில் 2023-இல் வந்த குரல் புகார் வசதி 60 விநாடிக் கிளிப்பைப் பிடித்துத் தருகிறது. போனில் ஆடுபவருக்கு அப்படி எதுவும் பின்னோக்கிக் கிடைக்காது. தொடங்கிய பிறகு பேசப்படுவது மட்டுமே மிஞ்சும்.

பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "இப்படிப் பேசுவதை நிறுத்துங்கள், புகார் செய்யப் போகிறேன்." நீங்கள் மறுப்பைத் தெரிவித்தீர்கள் என்பதற்கு இது சான்றாகிறது. திருப்பித் திட்டினால், அதே மேட்ச்சில் எதிராளியும் உங்கள் மேல் புகார் செய்வார். ஆராய்பவரின் பார்வையில் இருவரும் ஒன்றாகிவிடுவீர்கள். எங்கள் சர்வரிலேயே, தொடங்கியவன் ஒருவன், தடை வாங்கியவள் இன்னொருத்தி என்று முடிந்த கதைகள் உண்டு.

ரேங்க் (தரவரிசை) மேட்ச்சின் நடுவில் வெளியேறாதீர்கள். விளையாட்டின் கணக்கில் தண்டனைப் புள்ளி உங்களுக்குத்தான் வரும். உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் மட்டும் இதற்கு விதிவிலக்கு. ரேங்க்கைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

4. ஆதாரத்தை முறையாகச் சேர்ப்பது

மற்றப் படிகளில் செய்த தவற்றை ஓரளவு சரிசெய்யலாம். இந்தப் படியில் விட்டதைப் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது.

பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பிடியுங்கள். காட்டப்படும் பெயரை ஒருவர் நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் அடையாள எண் மாறாது. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் ஆகியவற்றில் அது சுயவிவரப் பக்கத்திலேயே இருக்கும். ஸ்டீமில் அது 17 இலக்க எண். டிஸ்கார்டு அமைப்புகளில் டெவலப்பர் முறையை இயக்கினால், ஒருவரின் பெயரை அழுத்திப் பிடித்து அவருடைய நீண்ட எண்ணை நகலெடுக்கலாம். ஸ்கிரீன் ஷாட்டில் பெயர் மட்டும் இருந்து எண் இல்லாத புகார், மறுநாளே பெயரை மாற்றிக்கொண்டவரிடம் செல்லாக் காசாகிவிடும்.

திரையை முழுதாகப் பிடியுங்கள். மேலே ஓடும் நேரம், தேதி, சேனலின் பெயர், அந்தச் செய்திக்கு முன்னும் பின்னும் வந்த பேச்சு ஆகிய எல்லாம் இருக்கட்டும். சிவப்பு வட்டம் போட்டு, தேவையான வரியை மட்டும் வெட்டி அனுப்புவது புதியவர்கள் விடாமல் செய்யும் தவறு. வெட்டிய படத்தைப் பார்ப்பவருக்கு வெட்டிய பகுதியில் என்ன இருந்தது என்ற ஐயமே முதலில் எழும். குறியிட்டுக் காட்ட விரும்பினால் இன்னொரு நகலில் செய்யுங்கள்.

மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, எடுக்கப்பட்ட நேரம் போன்ற உள்தகவல்களையும் இழந்துவிடும். அனுப்ப வேண்டியிருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 63-ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்துடன் ஒரு சான்றிதழையும் கேட்கிறது; எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது, கோப்பின் ஹேஷ் மதிப்பு (கோப்பிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீடு) என்ன என்பன அதில் வரும். நீதிமன்றம் வரை போகும் எண்ணம் இல்லாவிட்டாலும், எடுத்த போனையும் மூலக் கோப்பையும் மாற்றாமல் வைத்திருந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், விளையாட்டு, மேட்ச் எண், எதிராளியின் அடையாள எண், சொன்ன சொற்கள் அப்படியே, உடன் இருந்தவர்கள் யார் என்று ஒரு சம்பவத்துக்கு நான்கு வரி போதும். சொற்களை நாகரிகமாக்கி எழுதாதீர்கள். "கெட்ட வார்த்தை பேசினார்" என்ற வரியை வைத்து எவராலும் எதையும் முடிவுசெய்ய இயலாது. ஒற்றை ஸ்கிரீன் ஷாட் காட்டாத ஒன்றை இந்தக் குறிப்பேடு காட்டும்: இது திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதை.

ஒரே ஒரு வகைக்கு இவை எதுவும் பொருந்தாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் பாலியல் படமோ காணொளியோ சர்வரில் இடப்பட்டால், ஆதாரம் என்ற பெயரில்கூட அதைச் சேமிக்கவோ மற்ற மட்டுறுத்துநர்களுக்கு அனுப்பவோ கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி சேகரிப்பதும் பகிர்வதும் குற்றமாகும். செய்தியின் இணைப்பையும் அனுப்பியவரின் எண்ணையும் குறித்துக்கொண்டு, அங்கேயே ரிப்போர்ட் செய்து, காவல் துறைக்குத் தெரிவியுங்கள்.

5. விளையாட்டு நிறுவனத்திடம் புகார்

ஆதாரம் கையில் வந்த பிறகு ரிப்போர்ட் பொத்தானை அழுத்துங்கள்; அதற்குப் பிறகே பிளாக். சில விளையாட்டுகளில் பிளாக் செய்தவுடன் அவருடைய சுயவிவரமும் உரையாடலும் பார்வையிலிருந்து மறைந்து, புகாருக்குத் திரும்பிப் போவதே சிக்கலாகிவிடும். டிஸ்கார்டில் புகார் என்பது குறிப்பிட்ட செய்தியின் மேல் செய்யப்படுவது. செய்தி அழிக்கப்பட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

தமிழ் ஆட்டக்காரர்களுக்கு உள்ள தனிச் சிக்கல் மொழி. வேலொரன்ட்டை நடத்தும் ரயட் நிறுவனம் குரல் உரையாடலை ஆராயும் முயற்சியை 2022-இல் வட அமெரிக்காவில், ஆங்கிலத்தில்தான் தொடங்கியது. ஆங்கில எழுத்தில் அடிக்கப்பட்ட தமிழ் வசை, வடிகட்டிக்கும் புரியாது, புகாரைப் படிக்கும் ஊழியருக்கும் பெரும்பாலும் புரியாது. ஆகவே பொத்தானோடு நிறுத்தாமல், உதவிப் பிரிவில் எழுத்து மூலமாகவும் ஒரு புகாரைப் பதியுங்கள். அதில் அந்தச் சொல் அடிக்கப்பட்டபடியே இருக்கட்டும். அடுத்து அதன் பொருள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதற்கடுத்து, "இது குறிப்பிட்ட சாதியினரை இழிவுபடுத்தப் பயன்படும் சொல்", "இது என் தாயைப் பற்றிய பாலியல் வசை" என்பது போன்ற ஒரு வரி விளக்கம் இருக்கட்டும். நேர்ப்பொருளை மட்டும் மொழிபெயர்த்தால், ஒரு சாதி வசை வெறும் தொழிற்பெயராகத் தெரிந்து ஒதுக்கப்பட்டுவிடும்.

புகார் பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். இரு தரப்பின் அடையாள எண், மேட்ச் எண், நாள், நேரம், சொற்கள், எத்தனையாவது முறை, இணைப்புகள், அவ்வளவுதான். அவர் எவ்வளவு மோசமானவர் என்ற விவரிப்பு படிப்பவரைக் களைப்படையச் செய்யும். நண்பர்கள் இருபது பேரைத் திரட்டி ஒரே ஆளின் மேல் ரிப்போர்ட் அடிக்கச் சொல்வதும் வேண்டாம். மேட்ச்சில் இல்லாதவர்களின் புகாருக்கு எடை இல்லை, உங்கள் புகாரின் நம்பகத்தன்மையும் குறையும்.

பதில் வராவிட்டாலும் அடுத்த வழி இருக்கிறது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பயனர்களின் உள்ளடக்கத்தைத் தாங்கும் தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு முகவரியையும் வெளியிட வேண்டும். அவர் 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அந்த முகவரி தளத்தின் அடிப்பகுதியில், சட்ட விவரங்களுக்குள் புதைந்திருக்கும். அவருடைய முடிவில் நிறைவு இல்லாவிட்டால், மத்திய அரசு 2023-இல் அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாட்களுக்குள் இணையம் வழியாகவே முறையிடலாம். பொத்தானை அழுத்திவிட்டு, "இவர்கள் எதுவும் செய்ய மாட்டார்கள்" என்று விட்டுவிடுபவர்கள் பலருக்கு இந்த இரண்டு படிகளும் இருப்பதே தெரிவதில்லை.

6. நீங்களே குழுவை நடத்துபவரானால்

விதிகளை முதல் சண்டைக்கு முன்பே எழுதி வையுங்கள். "மரியாதையாக நடந்துகொள்ளுங்கள்" என்பது விதியல்ல, விருப்பம். "சாதிப் பெயரை வசையாகப் பயன்படுத்தினால் எச்சரிக்கையின்றி நீக்கம்", "ஒருவரின் தொலைபேசி எண்ணையோ படத்தையோ அவருடைய ஒப்புதலின்றி இட்டால் நீக்கம்" என்று செயலும் விளைவும் சேர்ந்து இருந்தால்தான் அது விதி. தண்டிக்கப்பட்டவர் "எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கும்போது, அதே வரியைக் காட்டிவிட்டு நகர முடியும்.

உள்ளே வரும் வாசலைச் சற்று உயர்த்துங்கள். டிஸ்கார்டின் சரிபார்ப்பு நிலையை உயர்த்தி வைத்தால், புதிதாகச் சேர்ந்தவர் 10 நிமிடம் காத்திருந்தே எழுத முடியும்; உச்ச நிலையில் சரிபார்க்கப்பட்ட தொலைபேசி எண் வேண்டும். தடை செய்யப்பட்டவர் அடுத்த நிமிடமே ஆல்ட் (மாற்று) கணக்கோடு வருவதை இது முழுதாக நிறுத்தாது, ஆனால் அலுப்பூட்டும். பெரும்பாலான ட்ரோல்களுக்கு அந்த அலுப்பே போதுமானது.

தானியங்கி வடிகட்டியான ஆட்டோமாட் 2022-இலிருந்து டிஸ்கார்டிலேயே இருக்கிறது. அதன் ஆயத்தப் பட்டியல் ஆங்கில வசைகளைப் பிடிக்கும். தங்கிலீஷுக்கு (ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழுக்கு) நீங்கள்தான் பட்டியல் எழுத வேண்டும். ஒரே சொல்லை 'த'வுக்கு மூன்று விதம், நெடிலுக்கு இரண்டு விதம், ஆய்த எழுத்துப் போல நடுவில் ஒரு எண் என்று பல உருவில் அடிப்பார்கள். இதைச் சமாளிக்கச் சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாகத் தடுக்கத் தோன்றும். நான் ஒரு சாதி வசையின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளை அப்படித் தடுத்த நாளில், "பரவாயில்லை" என்று அடித்தவர்கள் எல்லாம் சிக்கினார்கள். சிக்கியவர்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களும் அதே சொல்லை அடித்துச் சிக்கினார்கள். முழுச் சொல்லாக, உருவம் உருவமாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. முதல் வாரம் செய்தியைத் தடுக்காமல், மட்டுறுத்துநர்களுக்கு அறிவிப்பு மட்டும் வரும்படி வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு தடுப்பை இயக்குங்கள்.

தண்டனையை ஏணியாக வையுங்கள்: எழுத்து மூல எச்சரிக்கை, ஒரு நாள் டைம் அவுட் (தற்காலிகமாகப் பேச விடாமை), ஒரு வார டைம் அவுட், நீக்கம். முதல் தவறுக்கே நீக்கினால் திருந்தக்கூடியவரையும் இழப்பீர்கள். நான்காம் எச்சரிக்கையையும் கடந்து பொறுத்தால், பாதிக்கப்பட்டவர்கள் சொல்லாமலே வெளியேறிவிடுவார்கள். உயிர் மிரட்டல், அந்தரங்கத் தகவலை வெளியிடுதல், சிறுவர்களிடம் பாலியல் பேச்சு ஆகிய மூன்றுக்கும் ஏணி கிடையாது.

நீக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. டிஸ்கார்டில் ஒருவரைப் பேன் செய்யும் (நீக்கித் திரும்ப வராதபடி தடுக்கும்) பெட்டியில், அவருடைய கடந்த 7 நாள் செய்திகள் வரை சேர்த்து அழிக்கும் தேர்வு உண்டு. சர்வரைச் சுத்தம் செய்யும் ஆர்வத்தில் அதை அழுத்தினால், பாதிக்கப்பட்டவரின் ஆதாரமும் உங்களுடைய ஆதாரமும் ஒன்றாகப் போய்விடும். முதலில் படமெடுத்து, ரிப்போர்ட் செய்து, எதையும் அழிக்காத தேர்வோடு பேன் செய்து, அதன் பிறகு தேவையான செய்திகளைக் கையால் நீக்குங்கள். யார் எதைச் செய்தார் என்று காட்டும் தணிக்கைப் பதிவும் 45 நாட்களுக்கு மேல் நிற்பதில்லை. ஆகவே ஒவ்வொரு நடவடிக்கைக்கும் காரணத்தோடு ஒரு வரியை மட்டுறுத்துநர்களின் தனிச் சேனலில் எழுதி வையுங்கள்.

கூட்டமாக வந்து தாக்கும் ரெய்டு நடந்தால், ஒவ்வொருவராகத் துரத்தாதீர்கள். அழைப்பு இணைப்புகளை நிறுத்தி, சரிபார்ப்பு நிலையை உயர்த்தி, ஸ்லோ மோடை (ஒருவர் அடுத்தடுத்து எழுத இடைவெளி விதிப்பதை)ப் போட்டுவிட்டால் வெள்ளம் நிற்கும்; பிறகு நிதானமாக நீக்கலாம்.

குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் ஸ்குவாட் நண்பராக இருந்தால், முடிவை இன்னொரு மட்டுறுத்துநரிடம் விட்டுவிடுங்கள். தமிழ்க் குழுக்கள் பல உடைந்ததற்குக் காரணம் வெளியாட்களான ட்ரோல்கள் அல்லர், "நம்ம பையன்தான்" என்று காப்பாற்றப்பட்டவர்களே என்பது என் எண்ணம்.

7. காவல் துறைக்குப் போக வேண்டிய கட்டம்

மிரட்டல், அந்தரங்கப் படத்தைக் காட்டிப் பணமோ வேறெதுவோ கேட்பது, விடாமல் பின்தொடர்வது, கணக்கைக் கைப்பற்றுவது, உங்கள் பெயரில் போலிக் கணக்கு நடத்துவது ஆகியவை விளையாட்டு நிறுவனத்தோடு முடிபவை அல்ல. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம், அல்லது அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கோ செல்லலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான பாலியல் உள்ளடக்கப் புகாரை அந்தத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதிய முடியும்; ஆனால் அதன் நிலையைப் பின்தொடர வேண்டுமானால் விவரம் தந்து பதிவதே நல்லது. 1930 என்ற எண் முதன்மையாகப் பண மோசடிக்கானது. ஸ்கின் (விளையாட்டு உடை, ஆயுதத் தோற்றம்), யூசி (பிஜிஎம்ஐ நாணயம்) விற்பதாகச் சொல்லிப் பணம் பறிக்கப்பட்டிருந்தால் உடனே அதை அழையுங்கள். உடனடி ஆபத்துக்கு 112.

எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதுவதானால் சரியாக எழுதுங்கள். இன்னும் பலர், புண்படுத்தும் இணையச் செய்திகளுக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 66ஏ பிரிவை எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில், ஷ்ரேயா சிங்கால் வழக்கில் செல்லாது என்று அறிவித்துவிட்டது. இப்போது பெரும்பாலும் பொருந்துபவை இவை: பாரதிய நியாய சன்ஹிதாவில் (புதிய தண்டனைச் சட்டத்தில்) பெண்ணைப் பின்தொடர்தலுக்கு 78, பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கு 79, மிரட்டலுக்கு 351, மிரட்டிப் பறித்தலுக்கு 308, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் கடவுச்சொல் திருட்டுக்கு 66சி, ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி, அந்தரங்கப் படத்துக்கு 66ஈ, 67, 67ஏ. பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவரானால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் சேரும்.

"எதிராளி வேறு மாநிலத்தில் இருக்கிறார், அங்கே போய்ப் புகார் கொடுங்கள்" என்று சொல்லப்பட்டால், கைது செய்யத்தக்க குற்றமாக இருக்கும் பட்சத்தில் எல்லையைக் காரணம் காட்டாமல் பதியலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்) 173-ஆம் பிரிவு சொல்வதைப் பணிவாகக் குறிப்பிடுங்கள். தமிழ்நாட்டில் முதல் தகவல் அறிக்கை உடனே பதியப்படாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனு கொடுத்ததற்கு வேறு சான்று இருக்காது.

காலம் தாழ்த்தாதீர்கள். கணக்குக்குப் பின்னால் இருக்கும் ஐபி முகவரியையும் தொலைபேசி எண்ணையும் நிறுவனத்திடமிருந்து பெறக் காவல் துறையால்தான் முடியும். நிறுவனங்களின் பதிவுகள் என்றென்றும் நிற்பவை அல்ல. நீக்கப்பட்ட உள்ளடக்கத்தை விசாரணைக்காக 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பதே 2021 விதிகளின் ஏற்பாடு.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுபவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை அனுப்பியவரிடம் மறுமுறையும் கேட்பார்கள் என்பது தவிர வேறு பலன் இல்லை. படம் பரவாமல் தடுக்க, பெரியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ, பதினெட்டு வயதுக்குட்பட்ட நிலையில் எடுக்கப்பட்ட படங்களுக்கு டேக் இட் டவுன் ஆகிய சேவைகள் இருக்கின்றன. படத்தை எங்கும் பதிவேற்ற வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே அதன் ஹேஷ் உருவாகி, அது மட்டுமே பங்கேற்கும் தளங்களுக்குப் போகிறது. சிறுவர்கள் வீட்டில் சொல்ல அஞ்சினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை வந்து சொன்ன நாளில் போனைப் பிடுங்கிவிடாதீர்கள். ஆதாரம் அந்தப் போனில்தான் இருக்கிறது. அடுத்த முறை பிள்ளை சொல்லவும் மாட்டாது.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் துன்புறுத்தல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் தொல்லை தருவதும் 2019 திருத்தத்தால் அதற்குள் வந்துவிட்டது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அங்குள்ள காவல் துறையையே அணுக வேண்டும். இந்தியத் தளத்தில் பதிவதால் பயன் குறைவு.

8. தடுத்த பிறகு வரும் வாரங்கள்

இப்போது பிளாக் செய்யலாம். டிஸ்கார்டில் பிளாக் செய்தாலும், பொது சர்வரில் நீங்கள் எழுதுவதை அவர் பார்க்க முடியும் என்பதை மறக்காதீர்கள். அந்த சர்வரின் மட்டுறுத்துநரிடமும் சொல்லி வையுங்கள். சில நாட்களுக்கு ஆன்லைன் நிலையை மறைத்து, தெரிந்தவர்களோடு மட்டும் பார்ட்டியில் ஆடுங்கள். இது பயந்து ஒதுங்குவது அல்ல. தேடி வருபவருக்கு நீங்கள் எப்போது எந்த லாபியில் இருப்பீர்கள் என்ற கணக்கைக் குலைப்பது.

உடன் ஆடுபவர்கள் ஒரு சொல்லையாவது உரக்கச் சொல்லுங்கள். "ப்ரோ, அப்படிப் பேசாதீங்க" என்று மூன்றாவது ஆள் ஒருவர் மைக்கில் சொன்னதும் அடங்கிப்போன பலரைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவரிடம் "நீ ஏன் வாய்ஸ் ஆன் பண்ணினாய்?" என்று கேட்காதீர்கள். தூக்கம் கெட்டு, ஆட்டத்தைத் திறக்கவே கை நடுங்கும் நிலை வந்துவிட்டால் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

புதிய பெயரில் அதே ஆள் வந்ததாகத் தோன்றினால், பொதுவில் "நீதானே அவன்?" என்று கேட்காதீர்கள். தவறாக இருந்தால் நீங்கள் ஒரு புதியவரைத் துன்புறுத்தியவர் ஆவீர்கள். சரியாக இருந்தால் அவர் அடுத்த கணக்கில் இன்னும் கவனமாக வருவார். கணக்கு தொடங்கிய நாள், எழுத்துப் பிழைகளின் பழக்கம், குரல், உடன் வரும் நண்பர்கள் ஆகியவற்றைப் பழைய குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, புதிய அடையாள எண்ணைப் பழைய புகாரின் எண்ணோடு சேர்த்து அதே புகாரின் தொடர்ச்சியாக அனுப்புங்கள். காவல் துறையில் மனு நிலுவையில் இருந்தால் அங்கும் ஒரு கூடுதல் மனுவாகக் கொடுத்து, அதற்கும் ரசீது வாங்குங்கள்.